மனு போட்டால் பாதை திறக்குமா?

வணக்கம் ஐயா,

ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறு என்றால் மலை சைக்கிள்தான். பக்கத்து ஊர்க் காட்டில் பையன்கள் மண்வெட்டியோடு போய் உருவாக்கிய டவுன்ஹில் பாதை, அதாவது சரிவில் வேகமாக இறங்கும் சைக்கிள் பாதை ஒன்று உண்டு. போன மாதம் குறுக்கே மரங்களைப் போட்டு அடைத்துவிட்டார்கள். சைக்கிளோடு தாவக் கட்டிய தாவுமேடுகளையும் இடித்தாகிவிட்டது. திறக்கச் சொல்லி இணையத்தில் மனு போட்டிருக்கிறோம், இரண்டாயிரம் கையெழுத்து சேர்ந்திருக்கிறது. என் மனைவி இதை வெட்டி வேலை என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்துக்கொண்டு வருகிற ஆள் நான். தாவுமேட்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. மனுவைப் பற்றி வேண்டுமானால் பேசலாம்.

உங்கள் மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்க்கில், காட்டுக்குள் இரண்டு மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. அந்த விதியை நீக்கச் சொல்லி டிஐஎம்பி என்ற மலை சைக்கிள்காரர்களின் அமைப்பு மனு கொடுத்தது. 58,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். சட்டமன்றம் வரைக்கும் போயும் விதி அசையவில்லை.

பக்கத்து ஹெஸ்ஸன் மாநிலத்தில் கதை வேறு. 2012இல் அங்கே புதிய வனச் சட்டத்தின் வரைவு வந்தது. கார் போகிற அளவுக்கு அகலமான பாதையில்தான் சைக்கிள் போகலாம் என்றது. அதே அமைப்பு அங்கேயும் கையெழுத்து வாங்கியது. வரைவை மாற்றினார்கள், 2013இல் வந்த சட்டத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வரைவில் ஒரு வரியை அடிப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பல வருடம் வேரூன்றிய விதியைத் தொட்டால் நடைப் பயணிகள், வேட்டைக்காரர்கள், காட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் எழுந்து வருவார்கள்.

உங்கள் விஷயம் இந்த இரண்டிலும் சேராது என்பதுதான் சிக்கல். ஜெர்மன் வனச் சட்டப்படி காட்டுக்குள் போகிறவர் தன் பொறுப்பில் போகிறார். கிளை முறிந்து விழுந்தாலோ, வேர் தடுக்கினாலோ அது காட்டின் இயல்பு. மண்ணைக் குவித்துக் கட்டிய தாவுமேடு அப்படியில்லை. அதில் ஒருவன் கழுத்தை முறித்துக்கொண்டால், தெரிந்தே விட்டுவைத்த நில உரிமையாளர் பதில் சொல்ல வேண்டி வரலாம். இரண்டாயிரம் என்ன, இரண்டு லட்சம் பேர் கையெழுத்திட்டாலும் அந்தப் பயம் போகாது. நானாக இருந்தாலும் அடைத்திருப்பேன்.

ஃப்ரைபுர்க் நகரமும் உங்கள் மாநிலம்தான், அதே இரண்டு மீட்டர் விதிதான். அங்கே ரோஸ்கோப்ஃப் மலையிலிருந்து இறங்கும் பார்டர்லைன் பாதை அனுமதியோடு இருக்கிறது. ஒரு சங்கம் பொறுப்பேற்று, உறுப்பினர்களே மண்வெட்டி பிடித்துப் பராமரிக்கிறார்கள். உங்கள் பையன்களும் மண்வெட்டி பிடித்தவர்கள்தானே? அவர்களைச் சங்கமாகப் பதிவு செய்யுங்கள். காப்பீடு எடுங்கள். அப்புறம் ஒப்பந்தம் கேளுங்கள்.

அப்படியானால் மனு வீணா? இல்லை. ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி ஒரே ஒருவர் எழுதி அனுப்பினாலும் அது மனுதான். பதில் சொல்லியாக வேண்டும். இணையத்தில் சேர்த்ததை அங்கேயே விட்டுவைத்தால்தான் உங்கள் மனைவி சொன்னது சரியாகிவிடும். இத்தனை பேர் ஓட்டக் காத்திருக்கிறார்கள் என்று காட்ட அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போங்கள்.

யாரிடம் போவது என்றுதான் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் காடு ஊராட்சியுடையதா, மாநிலத்துடையதா, தனியாருடையதா என்று நீங்கள் எழுதவே இல்லையே.