வேலையோடு கணிதமும் கணினியும்: எதைத் தள்ளிவைப்பது?

வணக்கம். முழுநேர வேலையோடு நுண்கணிதம், தனிநிலைக் கணிதம் (டிஸ்கிரீட் மேத்ஸ்: தருக்கம், முழு எண்கள், நிரூபணம் போன்றவை), நிரலாக்கம் மூன்றையும் ஒரே பருவத்தில் எடுத்துத் திணறுவதாகவும், கணிதத்தையே விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். நுண்கணிதத்தை மட்டும் அடுத்த பருவத்துக்குத் தள்ளுங்கள். நெகிழ்வான பட்டப்படிப்பு இருப்பதே இதற்குத்தான். கட்டணம் இழக்காமல் விலகக் கடைசி நாள் எது என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

தனிநிலைக் கணிதமும் நிரலாக்கமும் சேர்ந்தே இருக்கட்டும், ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். 1 முதல் ஓர் எண் வரையிலான கூட்டுத்தொகைச் சூத்திரத்தைக் கணிதத் தொகுத்தறிதலால் (முதல் எண்ணுக்குச் சரி என்று காட்டி, ஓர் எண்ணுக்குச் சரியானால் அடுத்ததற்கும் சரி என்று காட்டும் முறை) நிரூபிக்கும் அன்றே, அந்தக் கூட்டலைப் பைத்தான் நிரல்மொழியில் தன்னையே அழைக்கும் சார்பாக (ரிகர்ஷன்) எழுதிப் பாருங்கள். நிரூபணத்தில் முதல் எண்ணுக்குச் சரிபார்க்கும் இடம்தான் நிரலில் அழைப்பு நிற்கும் இடம். ஓர் எண்ணிலிருந்து அடுத்ததற்குப் போகும் படியும் அப்படியே பொருந்தும். நிரூபணம் என்றால் என்ன என்று எனக்கு உண்மையில் விளங்கியது அங்கேதான்.

காணொளி பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். தினம் அரைமணி நேரமாவது விடையைப் பார்க்காமல் தாளில் போட்டுப் பாருங்கள். அப்புறம், இயந்திரக் கற்றல் (மெஷின் லேர்னிங்) மீது ஆசை என்று எழுதியிருந்தீர்கள்: நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் முடிக்காமல் அந்தப் பாடத்துக்குப் பதிவு செய்யாதீர்கள்.