சந்தனமா, பிஸ்தாவா?

கேள்வி: எங்கள் படுக்கையறை 10க்கு 12 அடி. ஜன்னல் ஒன்றுதான், அதுவும் மேற்கே. தரை பழைய சிவப்பு ஆக்சைடு. எனக்கு பிஸ்தா பச்சை பிடித்திருக்கிறது. மாமியார் சந்தன நிறம் என்கிறார். எதை அடிக்கலாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, முப்பது வருடம் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுத்த நான் சொந்த வீட்டிலேயே கோட்டை விட்ட விஷயம் இது. எங்கள் மேற்குப் பக்க அறைக்கு, ஷேடு கார்டை மட்டும் நம்பிச் சந்தன நிறம் அடித்தேன். காலையில் அம்சமாக இருக்கும். நாலு மணி வெயில் விழுந்ததும் சுவர் ஆரஞ்சாக மாறிவிடும். "பரங்கிக்காய்க்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி. அடுத்த பொங்கலுக்கு மாற்றி அடித்தேன்.

உங்கள் அறையில் சிவப்புத் தரையும் சேர்கிறது. ஜன்னல் வெயில் தரையில் பட்டு, அந்தச் சிவப்பு சுவரில் ஏறும். சந்தனத்தை அது இன்னும் பழுக்க வைக்கும். பிஸ்தாவில் அந்தத் தொல்லை குறைவு. சுவரின் அடிப்பகுதி கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். கட்டிலும் பீரோவும் அதை மறைத்துவிடாதா என்ன! சாயங்காலம் மஞ்சள் வெயிலில் அதே பச்சை வாழைக்குருத்து மாதிரி இருக்கும். என் ஓட்டு பிஸ்தாவுக்கே. ஆனால் கார்டில் பிடித்ததைவிட ஒரு ஷேடு வெளிறியதாக எடுங்கள். நாலு சுவரும் ஒன்றின் நிறத்தை ஒன்றின் மேல் வீசுவதால், அறைக்குள் எந்த நிறமும் அடர்ந்துதான் தெரியும்.

இரண்டிலும் சின்ன சாம்பிள் டப்பா வாங்குங்கள். பெரிய வெள்ளை சார்ட் அட்டையில், ஓரத்தில் வெள்ளை விட்டு, இரண்டு கோட்டு அடித்துக் காயவிடுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுவருக்குச் சுவர் மாற்றிச் சாய்த்துவைத்து, காலையிலும் நாலு மணிக்கும் பாருங்கள். ராத்திரி நீங்கள் போடும் விளக்கிலும் பார்க்க வேண்டும். வெள்ளை டியூப்லைட்டில் ஒரு நிறம், மஞ்சள் எல்இடியில் வேறு நிறம்.

மாமியாரையும் விட்டுவிட வேண்டாம். வடக்கு ஜன்னல் அறை ஏதாவது இருந்தால் சந்தனத்தை அங்கே அடியுங்கள். அந்த வெளிச்சம் சற்று நீலம் ஓடியது, சந்தனம் அங்கே எடுப்பாக நிற்கும்.

சுவரைச் சமப்படுத்தும் பட்டியும், அடிப்பூச்சான பிரைமரும் ஒழுங்காகப் பார்த்த சுவரென்றால் உங்கள் அறையின் நாலு சுவருக்கும் 4 லிட்டர் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்) போதும். ஒரே தடவையில் கலக்கச் சொல்லி வாங்குங்கள். அப்புறம், டப்பா மேல் ஒட்டியிருக்கும் ஷேடு எண்ணைப் பீரோ கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். நாளைக்கு ஆணி பிடுங்கிய இடத்தைப் பூச அது வேண்டியிருக்கும்.