ஜோகூர் மாத்திரையும் அம்மாவின் மூட்டுவலியும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன். அம்மா 1953-ல் பிறந்தவர். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மாதம் ஒரு முறை இருவரும் ஜோகூர் பாருவுக்குப் போய், கண்ணாடிக் கோவிலில் காளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே அங்குள்ள மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வருவோம். வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் கொடுப்பதில் பாதிதான் ஆகிறது. சோதனைச்சாவடியில் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. இப்போது எங்கள் புளோக்கில் இரண்டு மூன்று பேர் தங்களுக்கும் வாங்கி வரச் சொல்கிறார்கள். ஒருவருக்குத் தூக்க மாத்திரையும் வேண்டுமாம். இது சட்டப்படி சரியா? சர்க்கரை மாத்திரையின் அளவை டாக்டர் இந்த ஆண்டு இரண்டு முறை கூட்டிவிட்டார், அதனால் செலவும் கூடிவிட்டது. ஒரே ஆறுதல், அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததுதான். அங்கே இரவுச் சந்தையில் வாங்கிய மூலிகை கேப்சூலை நான்கு மாதமாகச் சாப்பிடுகிறார். மேம்பாலப் படி ஏறுகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், முகம்கூடப் பூசினாற்போல் இருக்கிறது.
- ஈசூன் வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

சட்டத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த மூலிகை கேப்சூல்.

நீங்கள் ஆறுதல் என்று எழுதியிருப்பதைப் படித்தபோதுதான் எனக்குப் பதற்றம் வந்தது. நான்கு மாதத்தில் வலி மறைந்திருக்கிறது, பசி கூடியிருக்கிறது, முகம் உருண்டிருக்கிறது, அதே காலத்தில் சர்க்கரை கட்டுக்குள் வராமல் மாத்திரை இரண்டு முறை கூட்டப்பட்டிருக்கிறது. மருந்தாளராக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு இவை நான்கும் ஒன்றாகச் சேர்ந்தால் நினைவுக்கு வருவது ஸ்டீராய்டுதான். மூலிகை என்ற பெயரில் விற்கும் மூட்டுவலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற வலுவான ஸ்டீராய்டைக் கலந்திருப்பதை, சிங்கப்பூரில் மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மலேசியாவில் வாங்கி வந்தவையும் அவற்றில் உண்டு. வீக்கத்தையும் வலியையும் அது சில நாட்களிலேயே அடக்கிவிடும். அதனால்தான் சாப்பிடுபவர்கள் அதைத் தெய்வ மருந்து என்று நம்பி அக்கம்பக்கத்துக்கும் சொல்கிறார்கள். உள்ளே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், தோல் மெலிந்து லேசாக இடித்தாலே கன்றிப்போகும், தொடைத் தசை பலம் குறையும், எலும்பு தேயும்.

உங்கள் அம்மாவின் கேப்சூலில் அதுதான் இருக்கிறது என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பயந்துபோய் நீங்களாகவே கேப்சூலைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோனைச் சுரப்பதை நிறுத்திவிட்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தி, மயக்கம், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகக் குறைக்க டாக்டருக்குத்தான் தெரியும். இடையில் அப்படி ஏதாவது நேர்ந்தால் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்துவிட்டு, வருபவர்களிடம் கேப்சூல் விஷயத்தைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை மாத்திரை கொண்டுவர ஆணையத்தின் அனுமதி தேவையில்லை. அம்மா கூடவே வருகிறார், மாத்திரையும் அவருடையது. அவர் பையிலேயே, டாக்டரின் சீட்டோடு, கடையில் கொடுத்த பெட்டியோடு இருக்கட்டும். தூக்க மாத்திரை அப்படியல்ல. டயாஸிபாம் போன்றவை தனிப் பட்டியலில் இருக்கின்றன; கொண்டுவருபவர் பயணத்துக்கு இரண்டு வாரங்களுக்கும் முன்பே ஆணையத்துக்கு விண்ணப்பித்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. யாரும் கேட்டதில்லை என்பது இதுவரை உங்கள் பையில் அது இல்லாததால்.

பக்கத்து வீட்டாருக்கு வாங்கி வருவது சொந்த உபயோகக் கணக்கில் சேராது. லாபம் வைக்காமல், காசே வாங்காமல் கொடுத்தாலும் சட்டத்தின் பார்வையில் அது மருந்து விநியோகம்தான். அவர்களிடம் முடியாது என்று சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். என் பெயரைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

ஜோகூரில் மருந்து வாங்குவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது யாருக்கும் அந்த எண்ணம் வரும். முறையான மருந்துக்கடையில், பதிவு பெற்ற மருந்தாளரிடம் வாங்கினால் அங்குள்ள மருந்தும் நல்ல மருந்துதான். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் அதன் பின் ஓர் எழுத்தும் கொண்ட பதிவு எண் இருக்கும். அந்த எழுத்து 'ஏ' (A) என்றால் மருந்தாளரின் பொறுப்பில் விற்க வேண்டிய மருந்து, 'டி' (T) என்றால் பாரம்பரிய மருந்து. பெட்டியில் மின்னும் பாதுகாப்பு வில்லையும் ஒட்டியிருக்கும். அதை ஃபார்மாசெக்கர் என்ற கைப்பேசிச் செயலியில் சோதித்துக்கொள்ளலாம். இரவுச் சந்தை டப்பாவில் இவை இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மாத்திரைகளுக்கு மலேசியச் சட்டத்திலும் டாக்டர் சீட்டு வேண்டும். சீட்டே கேட்காமல் எடுத்து நீட்டும் கடையைத் தாராள மனசு என்று நினைக்காதீர்கள். அடுத்த கடைக்குப் போங்கள்.

நான் மருந்தகத்தில் இருந்தபோது ஒரு பெரியவர் பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றார். மாத்திரை அட்டைகளைக் கத்தரிக்கோலால் இரண்டிரண்டாக நறுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சடித்திருந்த ஓரம் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. மிஞ்சிய எழுத்துகளைக் கூட்டிப் படித்துத்தான் கண்டுபிடித்தேன்: இங்கே வாங்கியதும் அக்கரையில் வாங்கியதும் அம்லோடிபின் என்ற ஒரே ரத்த அழுத்த மருந்துதான். கம்பெனி வேறு, நிறம் வேறு என்பதால் இரண்டு மருந்து என்று நினைத்து இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கால் வீங்கியிருந்தது, தலை சுற்றுகிறது என்றார். உங்கள் அம்மா கிளினிக்கிலும் கொஞ்சம், ஜோகூரிலும் கொஞ்சம் வாங்குகிறாரென்றால், எல்லாப் பெட்டிகளையும் மேசைமேல் பரப்பி, பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்தில் சாதாரண மாத்திரையும் உண்டு, மெதுவாகக் கரையும் மாத்திரையும் உண்டு. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்கிவிடக் கூடாது.

இன்னொன்று பலருக்கும் தோன்றுவதில்லை. 2019 டிசம்பரில் மெட்ஃபார்மின் மருந்துகள் மூன்றில் மாசு இருந்ததால் ஆணையம் அவற்றைத் திரும்பப் பெற்றது. இங்கே வாங்கியவர்களின் விவரம் கிளினிக்கில் இருந்தது, அதனால் கூப்பிட்டு மாற்றித் தர முடிந்தது. அக்கரையில் வாங்கிய மாத்திரையில் நாளை அப்படி ஏதாவது வந்தால் உங்களை யார் கூப்பிடுவார்கள்? ரசீதையும் பெட்டியையும் எறியாதீர்கள். பெட்டியில் உள்ள தொகுதி எண் வேண்டியிருக்கும். பின்னால் அம்மாவுக்கு இன்சுலின் எழுதிக் கொடுத்தால் அதை அங்கிருந்து கொண்டுவரவே வேண்டாம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக் குளிர்ச்சியில் இருக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமைக் கடற்பால நெரிசலில் கைப்பைக்குள் அது என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும்.

பணத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன். அம்மாவை அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) ஏன் மாற்றவில்லை? 1950-களில் பிறந்தவர். 1996-க்குள் குடியுரிமை பெற்றிருந்தால் மெர்டேக்கா தலைமுறை அட்டை கையில் இருக்கும். பலதுறை மருந்தகத்தின் மானியக் கட்டணத்திலிருந்து அதற்கு இன்னும் 25 விழுக்காடு கழியும், மருந்துக்கும் சேர்த்து. மீதியை அவருடைய மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பிலிருந்தோ உங்களுடையதிலிருந்தோ கட்டலாம், ஏனென்றால் அவருடைய மூன்று நோய்களும் மெடிசேவைப் பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்த் திட்டத்தில் அடங்கும். இதையெல்லாம் கூட்டிக் கழித்து, ஜோகூர் விலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மாதாமாதம் கடற்பாலத்தில் நிற்பதற்கு ஈடான மிச்சம் இருக்காது என்பது என் கணிப்பு.

டாக்டரிடம் போகும்போது அந்த டப்பாவை, மீதிக் கேப்சூலோடு, மேலே ஒட்டிய தாளோடு அப்படியே எடுத்துப் போங்கள். எத்தனை வேளை, எந்த மாதத்திலிருந்து என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அம்மா திட்டு விழும் என்று பயந்து டப்பாவை ஒளித்துவைக்கப் பார்ப்பார், அதைத் தூக்கி எறிய மட்டும் விட்டுவிடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கிறது.