தேர்வுக்குழு பார்க்கக் கூடாத படிவம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அண்ணன் மகள் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். 2023இல் அங்கே மத்திய அரசு வேலை ஒன்றுக்கு இணையத்தில் விண்ணப்பித்தபோது, தனியாக ஒரு பக்கம் வந்ததாம். பாலினம், இனம், ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின்) வம்சாவளியா, உடல் குறைபாடு உண்டா என்றெல்லாம் கேள்விகள். விருப்பமிருந்தால் நிரப்பினால் போதும் என்றும் போட்டிருந்ததாம். அவளுக்குக் காது சரியாகக் கேட்காது, இரண்டு காதிலும் கருவி உண்டு. அதைக் குறித்துவிட்டு, 'தப்பு பண்ணிட்டேனா அத்தை?' என்று இன்றும் கேட்கிறாள்.

நான் இங்கே ஓர் அரசு சார்ந்த நிறுவனத்தில் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் இருக்கிறேன். நமக்குத் தெரிந்த முறை வேறு. சாதி கேட்டால் சான்றிதழ் வாங்குவோம், சரிபார்ப்போம், அதன்படி இடம் போகும். சான்றும் இல்லாமல் கட்டாயமும் இல்லாமல் வாங்கும் தகவலால் யாருக்கு என்ன பயன்? பொய் சொன்னால் எப்படித் தெரியும்? எங்கள் நிறுவனத்திலும் விண்ணப்பதாரர்களின் குடும்பப் பின்னணியைக் கேட்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. எப்படிக் கேட்பது என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் அண்ணன் மகள் தப்பு எதுவும் செய்யவில்லை. அந்தப் பக்கத்தில் குறித்ததால் அவளுக்கு நஷ்டமில்லை. ஆனால் சலுகையும் இல்லை. இந்த இரண்டாவது விஷயம் தெரியாமல் அங்கே பலர் வாய்ப்பை இழக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளைப் போட்டி நடைமுறை இல்லாமலேயே நேரடியாக நியமிக்க அமெரிக்க மத்திய அரசுத் துறைகளுக்கு 'ஷெட்யூல் ஏ' என்ற வழி இருக்கிறது. அதற்கு ஒரு கடிதம் வேண்டும். மருத்துவரோ, தொழில் மறுவாழ்வு நிபுணரோ, உதவித்தொகை வழங்கும் அரசு அலுவலகமோ அதைத் தரலாம். நோயின் வரலாறு முழுவதும் அதில் இருக்க வேண்டியதில்லை, தகுதியான குறைபாடு உண்டு என்றிருந்தால் போதும். அதை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். புள்ளிவிவரப் பக்கத்தில் 'ஆம்' என்று குறித்துவிட்டு, ஷெட்யூல் ஏயில் சேர்ந்துவிட்டோம் என்று நினைத்துக் காத்திருந்தால் அந்த 'ஆம்' பணி நியமனப் பிரிவுக்குத் தெரியவே தெரியாது. அவளுடைய காது கேட்கும் அளவு அந்தத் தகுதிக்குள் வருமா என்று மருத்துவரிடம் கேட்டு, வருமானால் கடிதத்தை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் ஊர் முறையோடு நீங்கள் ஒப்பிட்டது சரியான இடத்தில்தான் இடிக்கிறது. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் சாதி என்பது உரிமைக் கோரிக்கை. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1 என்று 69 விழுக்காடு பிரித்து வைத்திருக்கும்போது, அந்த ஒரு கட்டம் ஒருவரின் வேலையையே முடிவு செய்கிறது. அதனால் சான்று வேண்டும், தேர்வு செய்பவர் அதைப் பார்த்தே ஆக வேண்டும். இப்படிப்பட்ட தகவல் அமெரிக்காவிலும் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கு 5 அல்லது 10 புள்ளி முன்னுரிமை தருகிறார்கள். அதைக் கேட்பவர் 'டிடி-214' என்ற படைவிலகல் சான்றைக் கொடுக்க வேண்டும். நம் சாதிச் சான்றிதழுக்கு அங்கே ஒரு தாயாதி உண்டென்றால் அதுதான்.

உங்கள் அண்ணன் மகள் பார்த்த பக்கம் வேறு வகை. அதில் எழுதுவது அந்த ஆளைத் தொடரவே கூடாது. விண்ணப்பத்தை மதிப்பிடுபவர், நேர்காணல் நடத்துபவர், கையெழுத்திட்டு வேலை கொடுப்பவர் ஆகிய மூவர் கண்ணிலும் படக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை விதி. தேர்வு முடிந்த பிறகு, பெயர் நீக்கி, மொத்தக் கணக்காக மட்டும் அது துறைக்குத் திரும்பி வரும். அந்தக் கணக்கு ஆட்களைச் சோதிக்க அல்ல, தேர்வு முறையைச் சோதிக்க.

எப்படிச் சோதிக்கிறது என்பதுதான் உங்கள் 'என்ன பயன்' என்ற கேள்விக்கான பதில். அங்கே ஒரு வேலைக்கான விண்ணப்பம் நான்கு படிகளைத் தாண்டுகிறது: விண்ணப்பித்தவர், குறைந்தபட்சத் தகுதி உள்ளவர், அதிகாரிக்கு அனுப்பப்பட்ட பட்டியலில் இடம் பெற்றவர், தேர்வானவர். ஒவ்வொரு படியிலும் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். சம வேலைவாய்ப்பு ஆணையமான இஇஓசி 2003இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த 715ஆம் எண் நிர்வாக ஆணை துறைகளிடம் கேட்டது படிப்படியான இந்தக் கணக்கைத்தான். கடைசியில் எத்தனை பேர் தேர்வானார்கள் என்று மட்டும் பார்ப்பது குடம் காலியானதைப் பார்ப்பது போல. எந்த இடத்தில் ஓட்டை என்று அது சொல்லாது. பெண்கள் முதல் படியிலேயே குறைவு என்றால் விளம்பரம் போய்ச் சேரவில்லை. விண்ணப்பித்தவர்களில் பாதிப் பேர் பெண்கள், அனுப்பிய பட்டியலில் கால்வாசிதான் என்றால் இடையிலுள்ள சல்லடையைப் பார்க்க வேண்டும். அமெரிக்க மத்திய அரசில் அந்தச் சல்லடை பல ஆண்டுகளாக ஒரு சுயமதிப்பீட்டுக் கேள்வித்தாளாகவே இருந்தது. 'இந்த வேலையில் நான் நிபுணர்' என்று எல்லாக் கேள்விக்கும் போட்டவர் மேலே போவார், 'மேற்பார்வையில் செய்திருக்கிறேன்' என்று உண்மையைச் சொன்னவர் கீழே நிற்பார். கூச்சமில்லாமல் தன்னைப் புகழ்ந்துகொள்பவரைத் தேர்ந்தெடுக்கும் கருவி அது. இந்த முறையை மாற்றி, திறனை நேரில் சோதிக்கச் சொல்லும் சட்டம் 2024 டிசம்பரில்தான் வந்தது.

இரண்டு பிரிவுகளை ஒப்பிட, அமெரிக்க அரசு அமைப்புகள் சேர்ந்து 1978இல் வெளியிட்ட கூட்டு நெறிமுறைகளில் 'ஐந்தில் நான்கு' என்ற கணக்கு இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, ஒரு பிரிவில் 200 பேர் விண்ணப்பித்து 60 பேர் தேறினால் 30 விழுக்காடு. இன்னொன்றில் 50 பேரில் 10 பேர் தேறினால் 20 விழுக்காடு. 20ஐ 30ஆல் வகுத்தால் 0.67. இது 0.8க்குக் கீழே இருப்பதால், அந்தத் தேர்வு முறையை எடுத்துப் பார்க்க வேண்டும். பாகுபாடு நிரூபணமாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. காய்ச்சல் இருக்கிறது, காரணம் தேடு என்பது போலத்தான்.

இந்தக் கணக்கை மிகுந்த எச்சரிக்கையோடு கையாள வேண்டிய இடம் ஒன்று உண்டு. 40 பேரில் 8 பேர் ஒரு பக்கம், 10 பேரில் ஒருவர் மறுபக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 விழுக்காடும் 10 விழுக்காடும், விகிதம் 0.5. பார்த்ததும் பதறுவோம். மறுபக்கம் இன்னும் ஒரே ஒருவர் தேறியிருந்தால் 20க்கு 20, விகிதம் 1. ஒரே ஒரு ஆள் முழுத் தீர்ப்பையும் புரட்டிப் போடுகிறார் என்றால் அந்தக் கணக்கை நம்பி எதுவும் செய்யக் கூடாது. ஒரே வகையான பணிக்கு மூன்று, நான்கு ஆண்டு ஆள்சேர்ப்பைச் சேர்த்துக் கூட்டிய பிறகே பார்க்க வேண்டும். சின்ன எண்ணை வெளியிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. 'மாற்றுத்திறனாளி, பெண், தேர்வானவர்: 1' என்று ஓர் அறிக்கையில் வந்தால் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அது யாரென்று தெரிந்துவிடும்.

பொய் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பொய் சொல்லி எதுவும் கிடைக்காத இடத்தில் பொய் சொல்பவர் மிகக் குறைவு. இந்த முறையின் உண்மையான வியாதி மௌனம். 100 பேரில் 40 பேர் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டால், மீதி 60 பேரை வைத்துப் போடும் விகிதம் எதைக் காட்டுகிறது? பதில் சொல்லாதவர்களைக் கணக்கிலிருந்து ஓசையில்லாமல் நீக்குவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அவர்களைத் தனி வரியாக வைத்து ஒவ்வொரு படியிலும் எண்ண வேண்டும். விண்ணப்பித்தோரில் 40 விழுக்காடாக இருந்த மௌனம் தேர்வானோரில் 60 ஆகிவிட்டால், மற்ற வரிகளின் விகிதத்தை நம்ப முடியாது என்று அறிக்கையிலேயே எழுதிவிட வேண்டும்.

மௌனத்தை ஊகத்தால் நிரப்பும் முறைகளும் உண்டு. அமெரிக்காவில் வேலையில் சேர்ந்த பின் கொடுக்கும் எஸ்எஃப்-181 படிவத்தில், இனத்தைச் சொல்லாவிட்டால் அலுவலகம் தோற்றத்தைப் பார்த்துக் குறிக்க முயலும் என்றே அச்சிட்டிருக்கிறார்கள். வட அயர்லாந்தில் கத்தோலிக்கரா புராட்டஸ்டண்டா என்ற சமூகப் பின்னணியை எண்ணுவதை 1989ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயமாக்கியது. பதில் சொல்லாதவர் படித்த பள்ளியின் பெயரிலிருந்தே பின்னணியைக் கணிக்க அங்கே விதி இடம் தருகிறது. பள்ளிகளே அப்படிப் பிரிந்து கிடக்கும் ஊர் என்பதால் அந்தக் கணிப்பு ஓரளவு நிற்கிறது. பெயரையும் ஊரையும் வைத்துச் சாதியை மோப்பம் பிடிக்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஓர் அலுவலக நடைமுறையாக்கும் யோசனை உங்கள் நிறுவனத்தில் எழுந்தால் தயவுசெய்து எதிர்த்து நில்லுங்கள்.

பிரிவுகளின் பெயர்களும் கல்லில் செதுக்கியவை அல்ல. 1970 அமெரிக்கக் கணக்கெடுப்பில் இந்தியர்கள் வெள்ளையரோடு சேர்த்து எண்ணப்பட்டார்கள். 1980இல்தான் 'ஏஷியன் இந்தியன்' என்ற தனிக் கட்டம் வந்தது. அமெரிக்க அரசின் 1997 விதிப்படி உங்கள் அண்ணன் மகளும், சீன வம்சாவளியினரும், பிலிப்பைன்ஸ்காரர்களும் ஒரே 'ஆசியர்' கட்டத்துக்குள். 2024 மார்ச்சில் வந்த திருத்தம் உட்பிரிவுகளையும் கேட்கச் சொல்கிறது. 'ஆசியர்' என்ற ஒற்றை எண் நன்றாக இருப்பதைக் காட்டி, அதற்குள் பின்தங்கிய குழுவை மறைத்துவிட முடியும் என்பதால் இது தேவையான திருத்தம்.

அந்தப் பக்கத்தில் யாரும் கவனிக்காத ஒரு கேள்வி இருக்கிறது: இந்த வேலை பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? இணையதளமா, வேலைவாய்ப்பு முகாமா, அங்கே வேலை பார்க்கும் நண்பரா உறவினரா? எனக்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பயனுள்ள கேள்வி இதுதான். ஏனென்றால் மறுநாளே இதை வைத்து ஏதாவது செய்யலாம். விண்ணப்பித்தவர்களில் பெரும்பகுதி 'உள்ளே இருக்கும் உறவினர் சொன்னார்' என்றால், யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்கள் மாதிரியானவர்களே திரும்பத் திரும்ப வருவார்கள்.

கணக்கை எப்போது பார்ப்பது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத் தீயணைப்புத் துறையில் 2003இல் 118 பேர் பதவி உயர்வுத் தேர்வு எழுதினார்கள். எழுத்துத் தேர்வுக்கு 60 விழுக்காடு, வாய்மொழிக்கு 40 என்று தொழிற்சங்க ஒப்பந்தத்தில் இருந்தது. முடிவு வந்ததும் கறுப்பினத்தவர் மிகவும் பின்தங்கியிருந்ததைப் பார்த்து நகர நிர்வாகம் தேர்வையே செல்லாது என்று தள்ளியது. தேறியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 நீதிபதிகள் என்று நகரத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த 60:40 இந்த வேலைக்குப் பொருந்துமா என்ற கேள்வியைத் தேர்வுக்கு முன்பு கேட்டிருக்க வேண்டும். மதிப்பெண் வந்த பிறகு கேட்டால், உழைத்துப் படித்தவர்களுக்கு அது அநியாயம்.

இப்போது அங்கே காற்று மாறிவிட்டது. மத்திய அரசுப் பணியில் பன்மைத்துவத்தை (பல தரப்பினரும் இருப்பதை) வளர்க்கும்படி 2021 ஜூனில் பைடன் பிறப்பித்த ஆணை, 2025 ஜனவரி 20 அன்று ட்ரம்ப் பதவியேற்ற நாளிலேயே ரத்தானது. அந்த ஆண்டு மே மாதம் மத்தியப் பணியாளர் அலுவலகமான ஓபிஎம், இன, பாலினப் புள்ளிவிவரங்களை ஆள்சேர்ப்பு முடிவுகளில் பயன்படுத்த வேண்டாம், பணியாளர்களின் விகிதத்தைப் பரப்பவும் வேண்டாம் என்று துறைகளுக்குச் சொன்னது. தனி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது இனத்தைப் பார்க்கக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தப் படிவம் உருவானதே அதற்காகத்தான். ஆனால் கணக்கை மூடி வைப்பது பெரிய தவறு என்று நினைக்கிறேன். பாகுபாடு நடக்கிறது என்பவருக்கு மட்டுமல்ல, நடக்கவில்லை என்பவருக்கும் அந்தக் கணக்குதானே ஆதாரம்?

கடைசியாக உங்கள் நிறுவனம். 'பெற்றோர் பட்டதாரிகளா?' என்று மட்டும் கேட்காதீர்கள். நம் மாணவர்களுக்கு அது கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழை நினைவூட்டும். சலுகை என்று எண்ணிச் சான்றிதழ் நகலோடு வருவார்கள். பிரிட்டன் அரசுப் பணியில் கேட்கும் முறை நல்லது: உங்களுக்கு ஏறக்குறைய 14 வயதாக இருந்தபோது வீட்டில் அதிகம் சம்பாதித்தவர் என்ன வேலை பார்த்தார்? வருமானம் யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்த வயதில் அப்பாவோ அம்மாவோ பார்த்த வேலை எல்லோருக்கும் நினைவிருக்கும். விவசாயக் கூலி, சொந்த நிலத்தில் விவசாயம், சிறுகடை, ஆலைத் தொழிலாளி, ஓட்டுநர், ஆசிரியர், அலுவலக வேலை, வேலை இல்லை என்று நம் ஊருக்குத் தக்கபடி கட்டங்கள் வையுங்கள். 'சொல்ல விரும்பவில்லை' என்ற கட்டமும் வேண்டும்.

விண்ணப்பம் அனுப்பி முடித்த பிறகு தனிப் பக்கமாக வரட்டும். விண்ணப்ப எண்ணுக்குப் பதில் வேறொரு குறியீட்டு எண் போடுங்கள். இரண்டையும் இணைக்கும் பட்டியல் தேர்வுக்குழுவில் இல்லாத ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். நியமன ஆணை போன பிறகே அதைத் திறக்கலாம். பக்கத்தின் தலையில், கேள்விகளுக்கு முன்னால், இரண்டு வரி எழுதுங்கள்: 'இந்தப் பக்கத்தைத் தேர்வுக்குழு பார்க்காது. இதற்குச் சான்றிதழ் தேவையில்லை, இதனால் சலுகையும் இல்லை.' இட ஒதுக்கீட்டுக்கான சாதிக் கட்டத்தை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் இந்தப் பக்கத்துக்கு நகர்த்திவிடாதீர்கள். அது முதன்மை விண்ணப்பத்திலேயே, சான்றிதழ் எண்ணோடு இருக்க வேண்டியது.