கால்பந்தில் நிற்கும் இடத்தைப் பொறுத்து வீரரின் மூளை வேறு மாதிரி வேலை செய்யுமா?

ஓரளவு, ஆமாம், முடிவெடுக்கும் திறனில். அதாவது, கண்ணில் படுவதில் தேவையானதைப் பொறுக்கி உடனே செயல்படுவது. நடுக்கள வீரரைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆட்கள். பந்து வருமுன்பே தலையைத் திருப்பித் திருப்பி நோட்டம் விட்டிருப்பார். கோல்கீப்பர் கதையே வேறு. 11 மீட்டரிலிருந்து உதைக்கும் பெனால்டி அரை நொடிக்குள் வந்துவிடும். யோசிக்க ஏது நேரம்? 2023இல் வெளியான அயர்லாந்து ஆய்வு ஒன்றில், காட்சிக்கும் ஒலிக்கும் இடையிலான நுண்ணிய நேர வித்தியாசத்தை மற்ற வீரர்களைவிடக் கோல்கீப்பர்களே துல்லியமாகப் பிரித்தறிந்தார்கள். நடுக்கள வீரர் நாற்சந்தியில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் மாதிரி, கோல்கீப்பர் குறுக்கே பாயும் நாயைக் கண்டு பிரேக் அடிக்கும் ஓட்டுநர் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்காக ஒருவர் இன்னொருவரைவிடப் புத்திசாலி என்று அர்த்தமில்லை, இரண்டும் வேறு வேறு வேலை, அவ்வளவுதான்.