ஒரே அளவு போல்ட்டுகளுக்கு ஒரே முறுக்கு விசை போதுமா?

குன்னூர்த் தேயிலை ஆலை ஒன்றில் பழைய எஃகு போல்ட்டை எடுத்துவிட்டு அதே அளவில் துருப்பிடிக்காத எஃகையோ பித்தளையையோ பொருத்துபவர், முன்பு இறுக்கிய அளவுக்கே இறுக்கக் கூடாது. முறுக்கு விசை என்பது ஸ்பானரில் கை தரும் விசையை அதன் நீளத்தால் பெருக்கி வருவது; அதை நியூட்டன் மீட்டரில் அளக்கிறோம்.

இறுக்கும்போது போல்ட் சற்றே நீள்கிறது. மலைப்பாதை வளைவுகளில் மூட்டைகள் சரியாதபடி இழுத்துக் கட்டிய கயிற்றைப் போல, திரும்பச் சுருங்க முயலும் அந்த இழுவிசையே பாகங்களைப் பிடித்து வைக்கிறது. எவ்வளவு நீண்டபின் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது உலோகத்துக்கு உலோகம் மாறுபடும். ஆனால் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது என்பதுதான் பலரும் கவனிக்காத, மிக முக்கியமான செய்தி. 10 மி.மீ. விட்டமுள்ள, 8.8 என்னும் வலிமைத் தர எஃகு போல்ட்டில் 25,000 நியூட்டன் பிடிப்பு வேண்டுமெனில், உலர்ந்த மரைக்கு 0.2 (உராய்வைப் பொறுத்து மாறும் முறுக்குக் கெழு) × 0.01 (மீட்டரில் விட்டம்) × 25,000 = 50 நியூட்டன் மீட்டர் தேவை; எண்ணெயிட்டு அந்தக் கெழு 0.15 ஆனால் 37.5 போதும். அலுமினிய உடலில் மரை இருந்தால், அந்த மென்மையான மரையே எல்லையை முடிவு செய்யும்.

துருப்பிடிக்காத எஃகு வலிமை மிக்கது, எனவே கூடுதலாக இறுக்கலாம் என்று எண்ணுவது தவறு: பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 என்னும் துருப்பிடிக்காத எஃகு வகை 450 மெகாபாஸ்கல் (சதுர மி.மீ.க்கு 450 நியூட்டன்) இழுப்பிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும், 8.8 தர எஃகோ 640 வரை தாங்கும்.