அழுதவனிடம் போட்ட நிபந்தனை

கேள்வி: நானும் என் நண்பனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படிக்கிறோம். இப்போது பதினொன்றாம் வகுப்பு. இந்த வருடம் அவன் வேறொரு செட்டோடு சேர்ந்துகொண்டான். அவர்கள் அவனை சிகரெட் பிடிக்கச் சொல்கிறார்கள், மறுத்தால் "அம்மா பிள்ளை" என்று கேலி செய்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாமல் இரண்டு தடவை பிடித்துவிட்டதாக என்னிடம் வந்து அழுதான். எனக்கு வந்த கோபத்தில், "அவங்களை விட்டுட்டு வா, இல்லன்னா என்கிட்ட பேசாதே" என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக என் பக்கமே வருவதில்லை. அவன் நல்லதுக்குத்தானே சொன்னேன், இதில் என் தப்பு என்ன?

பதில்: கோபப்பட்டது தப்பில்லை, தம்பி. அழுதுகொண்டு வந்தவனிடம் நிபந்தனை போட்டாயே, அதுதான் தப்பு. "இதைப் பிடி, இல்லன்னா நீ எங்க ஆள் இல்லை" என்று அங்கே சொல்கிறார்கள். "அவங்களை விட்டுட்டு வா, இல்லன்னா நீ என் ஆள் இல்லை" என்று நீயும் சொன்னாய். உன் மனசு நல்ல மனசு, சந்தேகமே இல்லை. ஆனால் கேட்கிறவனுக்கு இரண்டும் ஒரே மிரட்டலாகத்தான் கேட்கும். ஒரு பக்கம் மட்டும் இழுபட்டுக்கொண்டிருந்தவனை நீயும் உன் பக்கம் இழுக்க ஆரம்பித்துவிட்டாய்.

கொஞ்சம் யோசித்துப் பார். அவன் உன்னிடம் சொல்லவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, மறைத்திருக்கலாம். அந்த வயதில் ஒரு பையன் இன்னொரு பையன் முன்னால் அழுவது லேசான காரியமா? அங்கே சொல்ல முடியாத "வேண்டாம்" என்ற வார்த்தையை அவன் உன்னிடம் கொண்டுவந்து சொல்லியிருக்கிறான். அதைச் சொல்ல அவனுக்கு இருந்த ஒரே இடம் நீ.

"வேண்டாம்னு சொல்றதுல அப்படி என்ன கஷ்டம்?" என்று உனக்குத் தோன்றலாம். 1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். தனியாகக் கேட்டால் யாரும் தப்பாகச் சொல்வதில்லை என்கிற அளவுக்குச் சுலபம். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள், முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒரே தப்பான பதிலைச் சொன்னார்கள். அந்த ஒருவர், கண்ணெதிரே இருக்கும் கோட்டைப் பார்த்துக்கொண்டே, ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை அவர்களோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார். அங்கே கேலி இல்லை, மிரட்டல் இல்லை, கேட்டதோ வெறும் கோடு. அதற்கே இப்படி என்றால், தினமும் முகத்தைப் பார்க்கவேண்டிய ஐந்தாறு பேர் சுற்றி நின்று சிரிக்கும்போது உன் நண்பனுக்கு எப்படி இருந்திருக்கும்? அவனைக் கோழை என்று மட்டும் நினைத்துவிடாதே.

அதே சோதனையில் உனக்கு வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளைச் சரியான பதில் சொல்ல வைத்தார் ஆஷ். மற்றவர்கள் எல்லோரும் பழையபடி தப்பாகத்தான் சொன்னார்கள், ஆனாலும் கூட ஒருவர் இருந்ததால் கூட்டத்தோடு ஒத்துப்போவது கால்வாசியாகக் குறைந்துவிட்டது. அப்புறம் அந்தத் துணை ஆளை நடுவில் கட்சி மாறவைத்தார், உடனே தப்புகள் மளமளவென்று ஏறின. ஆனால் துணை ஆள் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போனபோது அந்த அளவுக்கு ஏறவில்லை. கூட இருந்தவர் போன பிறகும் அவர் தந்த தெம்பு கொஞ்ச நேரம் மிச்சம் இருந்திருக்கிறது. உன் நண்பனுக்கு நீ கொடுக்க வேண்டியது அந்தத் தெம்பைத்தான்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். விடுதியில் என் அறையில் இருந்தவனைக் குடிக்கச் சொல்லி ஒரு கூட்டம் நச்சரித்துக்கொண்டே இருந்தது. நான் அவனுக்குப் புத்தி சொன்னேன், நாள் தவறாமல் சொன்னேன். தலையாட்டிக் கேட்பான், சனிக்கிழமை ஆனால் போய்விடுவான். ஒரு ராத்திரி நானும் அங்கே இருந்தேன். எங்களோடு படித்த இன்னொருவன், அதிகம் பேசாதவன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருந்தான். பாட்டில் வந்ததும் தன் டம்ளரைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "உன் இறக்கம்தான், போடு" என்று ஆட்டத்தைத் தொடர்ந்தான். என் அறை நண்பன் கவிழ்ந்து கிடந்த அந்த டம்ளரையே பார்த்தான். பிறகு தன் டம்ளர் மேல் கையை வைத்து மூடிக்கொண்டான். யாரோ சிரித்தார்கள், அத்தோடு முடிந்தது. நான் அத்தனை நாள் பேசியும் நடக்காதது அப்படி நடந்தது.

ஆக, நீ செய்ய வேண்டியது பக்கத்தில் போய் உட்காருவது. முடிந்தால் அவர்கள் இருக்கும் இடத்திலேயே. நீட்டினால் "எனக்கு வேண்டாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போ. பிரசங்கம் செய்தால் சண்டை வரும், அதில் மாட்டிக்கொள்வது அவன்தான். நீ இல்லாத நேரத்துக்கு இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். அவன் வெறும் ஒரு புள்ளியை மெசேஜாக அனுப்பட்டும், நீ உடனே போன் போட்டு, "அவசரம், உடனே வா" என்று கூப்பிடு. எழுந்து வர அவனுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். எல்லோர் முன்னாலும் மார்தட்டி மறுத்துப் பேச வேண்டும் என்று அவனிடம் எதிர்பார்க்காதே.

மூன்றாவது தடவையும் பிடித்துவிட்டு வரலாம், அதற்கும் தயாராக இரு. நிகோட்டின் சின்ன வயதில் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும், அதனால் இதை லேசாக எடுத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவனைக் குறுக்குவிசாரணை செய்தால் நாலாவது தடவை உன்னிடம் சொல்ல மாட்டான். அப்புறம் அந்தப் பையன்களை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே. ஒருவேளை அவர்களோடு அவனுக்கு நிஜமாகவே பிடித்த ஏதாவது இருக்கலாம், விளையாட்டோ சிரிப்போ. அதை அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு எல்லை மட்டும் உண்டு. சிகரெட்டைத் தாண்டி போதை மருந்து என்று போனால், வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டினால், பணம் பிடுங்கினால், அல்லது "இருக்கறதே பிடிக்கல" என்பது போல அவன் பேசினால், அது உங்கள் இரண்டு பேரால் சமாளிக்கக்கூடியது இல்லை. நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் அன்றைக்கே சொல்லிவிடு. சொல்லப்போவதை முதலில் அவனிடமே சொல், முடிந்தால் அவனையும் கூட அழைத்துக்கொண்டு போ. அவன் கோபித்துக்கொள்வான், பரவாயில்லை.

ஒரு வாரம் போய்விட்டது, அவனே வரட்டும் என்று காத்திருக்காதே. இன்றைக்கு ராத்திரியே ஒரு மெசேஜ் அனுப்பு: "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நாளைக்கு மத்தியானம் உன்கூட உக்காரலாமா?" சிகரெட் என்ற வார்த்தையே அதில் வேண்டாம்.